திரைக்குள்ளிருந்து வந்த பதில்

அண்ணே,

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பீரோவை ஒழித்த மதினி, உங்கள் கறுப்பு வக்கீல் கவுனை என்னிடம் கொடுத்தனுப்பினார். பிரித்ததும் அந்துருண்டை வாடை அறையை நிறைத்தது. அந்த வாடைக்காக மதினியைத் திட்டாமல் நீங்கள் கோர்ட்டுக்குக் கிளம்பிய நாளே இல்லை. கவுனை மடியில் வைத்துக்கொண்டு நம் சிம்மக்கல் வீட்டை நினைத்தேன்.

அப்போது நான் பி.ஏ. முடித்து வீட்டில் இருந்தேன். பெண்களும் வக்கீலாகலாம் என்று சட்டம் வந்த புதிது. சென்னைச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது; அதே வாரம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடமும் வேலைக்கு அழைத்தது. இரண்டுக்கும் பதில் எழுதியாக வேண்டும்.

"ஆம்பள வக்கீலுகளே ஈ ஓட்டுறாய்ங்க. உங்கிட்ட எவன் கேஸ் கொண்டாருவான்?" என்றீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அதனால்தான் உறுத்தியது.

வெளி ஆண்கள் கண்ணில் படாமல் திரைக்குள் இருக்கும் கோஷாப் பெண்கள் கோர்ட்டுக்கு வருவதில்லை. கோர்ட் தன் கமிஷனராக அனுப்பும் வக்கீல் வீட்டுக்கே போய், திரைக்கு வெளியே உட்கார்ந்து சாட்சியம் எழுதுவார். அந்த வாரம் நீங்கள் போக வேண்டியிருந்தது. ஜவுளி வியாபாரி ஒருவரின் விதவை, தன் பங்கைக் கணவரின் தம்பிக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டதாக ஒரு பத்திரம். அது செல்லாது என்று மகள் சார்பில் தகப்பனார் தொடுத்த வழக்கு. அந்தப் பெண் சிறுவயதில் என்னோடு படித்தவர். அதனால் அடையாளம் பார்க்க என்னைக் கூட்டிப்போனீர்கள்.

"ஆளு அவுகதானான்னு மட்டும் சொல்லு. வேற எதுக்கும் வாயத் தொறக்காத."

திரைக்குள் போய்ப் பார்த்தேன்; அவர்தான். சொன்னேன். அவரை ஒட்டி நாத்தனார் உட்கார்ந்திருந்தார்.

"மனசொப்பித்தான் கையெழுத்துப் போட்டீகளா?" என்று உங்கள் குரல் கேட்டது.

"ஆமா, மனசொப்பித்தான்."

சொன்னவர் நாத்தனார். என் தோழியின் உதடு அசையவில்லை. முக்காட்டு ஓரத்தை விரலில் இறுக்கிச் சுற்றியிருந்தார், நுனி வெளுத்துப்போயிருந்தது. வெளியே உங்கள் பேனா கீறும் சத்தம். நாத்தனார் என்னையே பார்த்தார். பேசினால் சபையில் உங்களுக்குத் தலைகுனிவு. பேசாவிட்டால் அந்த 'ஆமா' கோர்ட்டுக்குப் போய்விடும்.

"அண்ணே, எழுதாதீக. பதில் சொன்னது அவுக இல்ல."

பேனா நின்றது.

"பொம்பளைக குரல் எல்லாம் ஒண்ணு போலத்தானே இருக்கும், வக்கீலய்யா? படிச்ச புள்ள மெரண்டுருச்சு," என்று வெளியே உட்கார்ந்திருந்த கணவரின் தம்பி சிரித்தார். கூட யாரும் சிரிக்கவில்லை.

"என் தங்கச்சி மட்டும் உள்ள இருக்கட்டும். மத்தவுக எந்திரிச்சுப் போங்க," என்றீர்கள்.

நாத்தனார் எழுந்து போனார். மறுபடி கேட்டீர்கள். தோழி முக்காட்டு ஓரத்தை விரலிலிருந்து மெல்லப் பிரித்தார். இன்னொரு முறை கேட்டீர்கள்.

"இல்ல," என்றார் தோழி. பக்கத்தில் இருந்த எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

"சத்தமாச் சொல்லுங்கம்மா."

"இல்ல. மெரட்டி வாங்குனாக."

திரும்பும்போது ஜட்கா வண்டி வைகைப் பாலத்தில் ஏறியதும் கேட்டீர்கள். "இம்புட்டு வருசமா திரைக்கு வெளிய உக்காந்து எழுதிருக்கேன். அதுல எந்த ஆமா அவுகளோடது?"

அன்று மாலையே பள்ளிக்கூடத்துக்கு வர இயலாதென்று எழுதினேன். சட்டம் படி என்று நீங்கள் சொல்லவில்லை. தபால்பெட்டி வரை என்னோடு நடந்தீர்கள்.

சட்டம் தோழியைக் காப்பாற்றியது என்று நான் சொல்லமாட்டேன். வழக்கு இழுத்து இழுத்து, இரு தரப்பும் பேசி ராஜியில் முடிந்தது. நீங்கள் பயந்தபடியே என்னைத் தேடிக் கட்சிக்காரர்கள் வரவும் வெகுகாலம் ஆயிற்று.

இப்போது அந்தக் கமிஷன்களுக்கு என்னை அனுப்புகிறார்கள், அண்ணே. நான் திரைக்கு உள்ளே உட்கார்ந்து எழுதுகிறேன். பதில் காதில் விழுந்தாலும், சொன்னவரின் விரல்களைப் பார்க்காமல் பேனாவைத் தாளில் வைப்பதில்லை.