கண்ணாடி மேலே போகும் நேரம்

1962 ஜூலை 9, திங்கள்

மேகம் காலையிலேயே நாயுடுபுரத்துக்குள் இறங்கிவிட்டது. ஏரிக்கரையில் ஒரு டூரிஸ்ட் இல்லை. ஸ்டுடியோக் கூரை ஒழுகல். பேப்பர் டப்பாக்களை நகர்த்தி வைத்தேன். படம் கழுவ ஹைப்போ வாங்கணும்.

வள்ளிக்கு மூச்சு வாங்கல் அதிகம். டாக்டர் இன்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இருதயம் ரொம்பக் கெட்டுப்போச்சாம், மதுரைக்குக் கொண்டுபோனால் வழியிலேயே ஏதாவது ஆகுமாம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளணுமாம். எங்கள் நாலு வயசுப் பிள்ளைக்கு.

மத்தியானம் பெருமாள்மலையில் ஒரு சாவு. கிழவரை நாற்காலியில் சாய்த்து, தாடையைக் கட்டி, மாலை போட்டுப் படம். உள்ளூர்க்காரர்கள் முக்கால்வாசிப் பேர் என்னைக் கூப்பிடுவது இதற்குத்தான். திரும்பி வந்தால் செல்லம் வாசலை மறித்து நிற்கிறாள்.

"ஊருப் புள்ளைய எல்லாம் எடுக்குறீங்க. நம்ம புள்ளைக்கு ஒரு படம் இருக்கா? உசிரோட இருக்கையில எடுங்க. செத்த பொறகு உக்கார வச்சு எடுக்குற படம் எனக்கு வேணாம்."

ஃபிலிம் தட்டுப்பாடு, அடுத்த ரோலில் எடுக்கலாம், அடுத்த ரோலில் எடுக்கலாம் என்றே இத்தனை வருஷமும். படம் பிடிக்கிறவன் வீட்டில் பெண்டாட்டிக்கு இந்த ஏக்கம்.

ஜூலை 10, செவ்வாய்

கொஞ்சம் வெயில். கைவசம் கடைசி ரோல். ஜன்னலோரம், செல்லத்தின் மடியில் வள்ளி. முகம் மட்டும் பெரிசாக வேணும் என்றாள் செல்லம்.

என் கேமராப் பெட்டிக்கு லென்ஸ் இரண்டு. மேல் லென்ஸ் எனக்கு. உள்ளே சாய்வாக முகம் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணாடி, பிம்பத்தை மேலே திருப்பிவிடும், குனிந்து பார்த்துக்கொள்ளலாம். இடம் வலமாகத் தெரியும், அது பழகிப்போச்சு. கீழ் லென்ஸ் ஃபிலிமுக்கு. கிட்டத்தில் எடுக்க லென்ஸ் மேல் மாட்டுகிற ஒட்டுக் கண்ணாடி ஒன்றே ஒன்று. மேலே மாட்டி ஃபோகஸ், கழற்றிக் கீழே மாட்டி, அப்புறம்தான் அமுக்கணும்.

"பொட்டிக்குள்ள நான் இருக்கேனாப்பா?"

"இருக்கே கண்ணு."

கண்ணை அகலத் திறந்து பார்த்தாள். விட்டால் போச்சு என்று ரோல் முழுவதையும் அமுக்கித் தீர்த்தேன்.

ஜூலை 11, புதன்

ரோலைக் கழுவினேன். எல்லாம் பஞ்சு மாதிரி மங்கல்.

ஒட்டுக் கண்ணாடி மேல் லென்ஸிலேயே இருந்திருக்கிறது. எனக்கு அவள் இமைமுடி வரை தெளிவு, ஃபிலிமுக்கு வெறும் மூட்டம். போதாததற்குக் கீழ் லென்ஸ் தாழ இருக்கிறதே, நெற்றியும் வெட்டு. இத்தனை வருஷத் தொழில்! கையை வெட்டிப் போடலாம்.

செல்லத்திடம் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஃபிலிம் கேட்டுப் பஜார்க் கடை முழுக்க அலைந்தாயிற்று. "சீசன் முடிஞ்சிருச்சுல்லண்ணே. மதுரைக்குச் சொல்லிருக்கோம், வரட்டும்." எப்போது வர?

வள்ளி கஞ்சியும் வேண்டாம் என்கிறாள். முருகா, படம் எடுக்கிற வரைக்குமாவது பொறு. என்ன வேண்டுதல் இது. பெற்றவன் கேட்கிறதா இது.

ஜூலை 12, வியாழன்

மழை. குடை கிழிசல்.

மிஷன் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் டேவிட் சார் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவரிடம் ஜெர்மன் கேமரா, ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ். யாரையும் தொட விடமாட்டார். விஷயத்தைச் சொல்லும்போதே அழுதுவிட்டேன். எடுத்துக் கையில் கொடுத்தார்.

"ஒரே லென்ஸுதாங்க. நீங்க பாக்குறதேதான் ஃபிலிம்ல விழும், வெட்டுப்படாது. அமுக்குனதும் உள்ள இருக்க கண்ணாடி மேல போயிரும், ஒண்ணும் தெரியாது. ஃபிலிமைச் சுத்துனாத்தான் கீழ வரும். பயந்துராதீங்க. ஆனா ஒரு படந்தான் மிச்சம் இருக்கு."

வேற ஃபிலிம்?

"எங்கிட்டயும் இல்லையே."

ஜூலை 13, வெள்ளி

மழை விட்டது. தலையணைகளை அடுக்கி வள்ளியை ஜன்னலைப் பார்த்துச் சாய்த்தோம். தலை சீவி, மை இட்டு, மஞ்சள் கவுன். செல்லம் என் தோளுக்குப் பக்கத்தில்.

கண்ணில் வைத்தேன். இடம் இடமாகவே தெரிகிறது. உதட்டு வெடிப்பு வரை தெளிவு. மூச்சுக்கு மூச்சு தோள் ஏறி இறங்குகிறது. முழங்கையை ஜன்னல் கட்டையில் ஊன்றினேன். அவசரப்படாதே, அவசரப்படாதே.

"அப்பாவப் பாரு தங்கம். இங்கன பாரு."

உதடு லேசாக அசைந்தது. அமுக்கினேன். இருட்டு.

"சிரிக்கிறா! ஏங்க, சிரிக்கிறா பாருங்க!"

கண்ணாடி கீழே வரட்டும் என்று ஃபிலிமைச் சுற்றப் பார்த்தேன், ரோல் முடிந்துபோய் லீவர் நகரவில்லை. கேமராவை இறக்கிப் பார்ப்பதற்குள் சிரிப்பு போய் அசந்து தூங்கிவிட்டாள்.

ஜூலை 15, ஞாயிறு

நேற்று விடியும்போது வள்ளி போய்விட்டாள். சாயங்காலத்துக்குள் புதைத்தாயிற்று. செல்லத்தின் அண்ணன் தயங்கித் தயங்கி, "மாப்ளே, கேமரா இருக்குல்ல... ஒரு படம்" என்றார். செல்லம் பார்த்த பார்வையில் எழுந்து வெளியே போனார்.

இன்று காலை ஸ்டுடியோ. டேவிட் சார் ரோலைக் கழுவினேன். அவர் எடுத்த பூக்கள், பேரிக்காய் மரம், கடைசியில் வள்ளி. நல்ல தெளிவு. நான் பார்க்காத சிரிப்பு அதில் விழுந்திருக்கிறது. பிரிண்ட் போட்டு ஈரத்தோடு வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

செல்லம் முந்தானையால் துடைக்கப் போனாள், தடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இப்படித்தான சிரிச்சா? நீங்கதான கிட்டத்துல, நேராப் பாத்தீங்க. சொல்லுங்க."

ஆமாம் என்றேன்.