ஓடுகிறதா, நின்றதா

என் வீட்டு மகாராணிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். நான்கு மாதம் முன்புவரை கைநாட்டு வைத்தவன் எழுதுகிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் காவல் இருக்கும் வீட்டில் நான்கு கேமரா மாட்டியிருக்கிறார்கள். அவை பிடிக்கும் படங்களைச் சேர்த்துவைக்கக் குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று வேண்டுமாம். வாங்குவதற்கு முன் இரண்டை ஓட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே ஃபேன் வைத்த ஒன்று மாடிப்படிக்கு அடியில் தூசி அடைத்து, சூடேறி இரண்டு முறை நின்றுவிட்டது. இப்போது ஃபேன் இல்லாதது ஓடுகிறது. சோப்புப் பெட்டி அளவுதான்.

"இது தூங்காது பெரியவரே, டீ கேக்காது" என்றார் கேமராக்காரர்.

"சம்பளமும் கேக்காதுல்ல" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"தினமும் காலைல ஓடுதா, நின்னுடுச்சான்னு நோட்டுல எழுதுங்க. அதப் பாத்துத்தான் முடிவு பண்ணுவேன்" என்றார் முதலாளியம்மா. என் எழுத்தை ஒருவர் நம்பிக் கேட்டது இதுதான் முதல் முறை. மனம் குளிர்ந்துவிட்டது. ஆனால் ஏழு நாள் ஓடினால் அதை வாங்கிவிடுவார்கள். அப்புறம் நான் எதற்கு?

'நின்றது' என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். நேற்று அதற்காகவே பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. ஆறு நாளும் 'ஓடுகிறது' என்றே எழுதியிருக்கிறேன். நாளை ஏழாம் நாள்.

நீ கவலைப்படாதே. பழைய மூக்குக் கண்ணாடியை அனுப்பச் சொன்னேன் அல்லவா, இப்போது வேண்டாம், அங்கேயே இருக்கட்டும். அடுத்த வாரமும் எழுதுவேன். ஒருவேளை அந்தக் கடிதத்தை நானே கொண்டுவந்து படித்துக் காட்டுவேன்.