முப்பத்திரண்டாவது பெயர்

1920 மார்ச் 3, புதன்

மாளிகைச் சின்னய்யாவின் சட்டைகள் ஏழு. கஞ்சி போட்டு இஸ்திரி போட்டேன். ஒன்றில் கழுத்துப்பட்டி நைந்துவிட்டது, திருப்பித் தைக்கணும்.

மத்தியானம் பாஸ்டர் மாளிகையின் சலவை அறைக்கே வந்தார். போரில் செத்த நம்மூர் ஆட்களுக்கு சர்ச்சில் பெயர்ப்பலகை வைக்கிறார்கள். முப்பத்தொரு பெயர். என் ரைன்ஹோல்டின் பெயர் அதில் இல்லை. ராணுவக் காகிதத்தில் ‘அனுமதியின்றி அணியை விட்டுப் போனவன்’ என்று இருக்கிறதாம்.

“நான் காகிதத்தைத்தான் பார்க்கணும், அல்வினா” என்றார்.

கையெழுத்து யாருடையது என்று கேட்டேன். கேப்டன் ஹென்னிங் ஃபொன் லூடன்ஹாகன். நம் சின்னய்யாதான்.

என் மகன் போரில் மூன்று வருஷம் அவருக்கு ஏவலாளாக இருந்தவன். பூட்ஸ் துடைத்தான், காப்பி போட்டான், குதிரையைப் பார்த்தான். அவன் எங்கே விட்டுப் போவான்?

பாஸ்டர் போனதும் மிச்சச் சட்டைகளை முடித்தேன்.

மார்ச் 4

எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 9

சமையல்கார ஒட்டீலி எல்லோர் முன்னாலும் சொன்னாள்: “பேர் போடலைன்னா உசுரோட இருக்கான்னு சந்தோஷப்படேன். எவளாவது பிரெஞ்சுக்காரி முயல் குழம்பு வச்சுப் போட்டுட்டு இருப்பா.”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன் போலிருக்கிறது.

மார்ச் 17

பெர்லினிலிருந்து வரும் தபாலுக்காகச் சின்னய்யாவின் அம்மா, எங்கள் பெரியம்மா, தினமும் வாசலில் நிற்கிறார். போரில் தோற்ற பிறகு ராணுவத்தைச் சுருக்குகிறார்கள். நிறைய அதிகாரிகளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள், கொஞ்சம் பேரைத்தான் வைத்துக்கொள்வார்களாம். கூடத்தில் ஆறு தலைமுறைப் படங்கள் தொங்குகின்றன, ஆறும் சீருடையில். “ராணுவத்துல இல்லாத லூடன்ஹாகன் வெறும் பண்ணைக்காரன்” என்று அவர் சொல்லாத நாள் இல்லை.

சின்னய்யா பத்து வயதில் கேடட் பள்ளிக்குப் போனபோது சட்டைக் கையை நான்தான் குறைத்துத் தைத்தேன். லெஃப்டினென்ட் ஆனபோது தோள்பட்டை தைத்தது நான். கேப்டன் ஆனபோதும் நான். அவர் உத்தியோகம் முழுக்க என் ஊசி வழியாகத்தான் போயிருக்கிறது.

அவருக்குக் கெட்டது நினைக்கவில்லை. எதுவுமே நினைக்கவில்லை.

ஏப்ரல் 6, செவ்வாய்

கேட்டுவிட்டேன்.

அவர் இளைத்துவிட்டார். கோட்டைப் பிடித்துத் தைக்க ஊசி குத்திக்கொண்டிருந்தேன். முதுகுப் பக்கம் நின்றதால் கேட்க முடிந்தது. ரைன்ஹோல்டு எங்கே போனான், சின்னய்யா?

பிறகு சொன்னார். 1918 அக்டோபர் 9. ஆற்றைத் தாண்டிப் பின்வாங்கிவிட்டார்கள். தாத்தாவின் வாள் அக்கரையில், தங்கியிருந்த வீட்டிலேயே கிடந்தது. இரண்டு மணிக்குத்தான் பாலத்தை வெடி வைத்துத் தகர்ப்பார்கள், நேரம் இருக்கிறது என்று நினைத்தார்.

“நான்தான் அனுப்பினேன். ஒன்றரைக்கே பாலத்தை உடைச்சிட்டாங்க, அவன் அது மேல இருக்கப்பவே.”

“அப்போ காகிதத்துல?”

“ஒரு வாளுக்காக ஆளை அனுப்பினேன்னு எப்படி எழுதுறது, அல்வினா? மேஜர் பதவிக்கு என் பேர் போயிருந்த சமயம்.”

இப்போது எழுதிக் கொடுங்கள் என்றேன். பெர்லினிலிருந்து பதில் வரட்டும் என்றார். மீதி ஊசியையும் குத்தி முடித்தேன்.

ஏப்ரல் 7

ஒரு வாள்.

மே 30

பதில் வரவில்லை. அவரோடு சேர்ந்து நானும் தபாலுக்குக் காத்திருக்கிறேன். இது என்ன கூத்து.

ஜூலை 14, புதன்

வந்துவிட்டது. எடுத்துக்கொண்டார்கள், மேஜராக. வாத்து அடித்து விருந்து. தோள்பட்டை தைக்க என்னிடம் கொடுத்தார்கள், தைத்தேன்.

அப்புறம் கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கையெழுத்துப் போட்டது பொய் என்று இப்போது எழுதினால் நாளைக்கே வெளியே அனுப்பிவிடுவார்களாம். அவருக்கு வேறெதுவும் தெரியாதாம்.

சாயங்காலம் பெரியம்மா கூப்பிட்டனுப்பினார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

“கல்லறைத் தோட்டத்துல நானே கல்லு வைக்கிறேன். நல்ல கறுப்புக் கல்லு. தனியா, அழகா இருக்கும்.”

“தனியா வேண்டாம்மா” என்றேன். அவன் ஓடினவன் இல்லையே. மற்ற பையன்களோடு இருக்கட்டும்.

“யோசிச்சுப் பேசு” என்றார்.

ஆகஸ்ட் 2

வண்டிக்கார டெஸ்மரிடம் மட்டும் சொன்னேன். அவர் பழைய சார்ஜென்ட். குதிரைக்குச் சீப்பு போட்டுக்கொண்டே கேட்டார். அதிகாரிகளின் மானத்தை விசாரிக்க, சின்னய்யாவின் பழைய ரெஜிமென்ட் அதிகாரிகள் மூன்று பேர் உட்காரும் மானசபை ஒன்று உண்டாம். புதுச் சட்டப்படி அது கிடையாதாம், ஆனாலும் இருக்கிறதாம்.

“அங்க எழுதுங்கக்கா. கூப்பிட்டு மானத்து மேல ஒரு கேள்வி கேப்பாங்க. அங்க பொய் சொல்ல மாட்டாரு.”

“காகிதத்துல சொன்னாரே?”

“காகிதம் வேற, மானத்து மேல கேட்டா வேற. எனக்கும் புரியலை. ஆனா அவங்க வளர்ந்த விதம் அப்படி.”

ஆகஸ்ட் 15

நான்கு வரி எழுதினேன். டெஸ்மர் எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம் என்றார். ஏப்ரன் பையில் கிடக்கிறது.

இதைப் போட்டால் அவர் வாழ்க்கை போச்சு. அம்மை போட்டப்போ பதினோரு நாள் தூக்கி வச்சுட்டுத் திரிஞ்சேனே, அந்தப் பிள்ளை தானே இது. நான் என்ன செய்யட்டும்? ரைன்ஹோல்டுக்காகவா போடுறேன், இல்ல, அவருக்கு வலிக்கணும்னா? தெரியல. ரெண்டுக்கும் ஒரே தபால்தலைதான்.

ஆகஸ்ட் 19

போட்டுவிட்டேன்.

அக்டோபர் 4, திங்கள்

சின்னய்யா என் வீட்டுக்கு வந்தார். இதற்கு முன் வந்ததில்லை. வாசல் நிலை உயரம் தெரியாமல் தலையில் இடித்துக்கொண்டார். சாதாரணக் கோட்டு.

“கேட்டாங்க. சொல்லிட்டேன். ராஜினாமாவும் கொடுத்தாச்சு.”

“எழுதினது நான்தான், சின்னய்யா.”

“தெரியும். கடிதத்தைக் காட்டினாங்க.”

அவரிடம் கோபம் இல்லை. என்ன இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வறுத்த பார்லிக் காப்பி கொடுத்தேன், குடித்தார். பாஸ்டருக்குக் காகிதம் எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ‘கட்டளையை நிறைவேற்றப் போய் வீழ்ந்தவன்.’

கிளம்பும்போது சொன்னார், பாலத்தில் ஏறுவதற்கு முன்னால் ரைன்ஹோல்டு திரும்பிப் பார்த்தானாம். “தாத்தாவுக்குத்தான் கால் வலிக்கும், வாளுக்கு என்னவாம், நடந்து வரக் கூடாதா” என்றானாம். சின்னய்யா சிரித்தாராம்.

அவன் பேச்சேதான். அவன் குரலே கேட்டது.

அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. உருளைக்கிழங்கு உரித்தேன்.

அக்டோபர் 11

மாளிகையிலிருந்து துணி வரவில்லை. பெரியம்மா வேறு ஆள் வைத்துவிட்டார். டெஸ்மர் மட்டும் தன் சட்டையைக் கொண்டுவந்தார், அது ஏற்கெனவே துவைத்த சட்டை.

நவம்பர் 21, இறந்தோர் ஞாயிறு

பலகையைத் திறந்தார்கள். பெயர்களை எழுத்து வரிசையில் முன்பே எழுதி முடித்திருந்ததால் ரைன்ஹோல்டு கடைசியில் இருக்கிறான். அந்த மை மட்டும் கொஞ்சம் கறுப்பு. பாஸ்டர் முப்பத்திரண்டையும் வாசித்தார். அவன் பெயர் வந்தபோது ஒட்டீலி மூக்கைச் சிந்தினாள். நான் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனசுக்குள் ஒன்றும் அசையவில்லை.

முன்னால் மாளிகைக் குடும்பத்தின் பெஞ்சில் பெரியம்மா தனியாக உட்கார்ந்திருந்தார், முதுகு சாயாமல். பக்கத்தில் இடம் காலியாகவே இருந்தது. பாட்டு ஆரம்பித்த பிறகுதான் சின்னய்யா உள்ளே வந்தார். முன்னால் போகவில்லை. எங்கள் வரிசைக்கு வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

“இங்க நிக்கலாமா, அல்வினாம்மா?”

ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றேன்.