"வாறன், என்ன?"

பெப்ரவரி 11, புதன் இரவு

வேலை முடிந்து கோட்-டெ-நெய்ஜில் பஸ்ஸுக்கு நின்றபோது இவர் ஹாலிஃபாக்ஸிலிருந்து போன் எடுத்தார். லொறியில் கொண்டுபோன சாமான் எல்லாம் இறக்கியாயிற்றாம். இனி வீட்டுக்குத் திரும்ப ஒரு முழுநாள் ஓட்டம். அதற்குள் என் பஸ் வந்துவிட்டது. ஒரு கையில் பை, மறு கையில் போன், கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப நான் வாறன், என்ன?" என்றார்.

"ஓம், வாங்கோ" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் மகள் சொன்னாள்: "அம்மா, ஹாலிஃபாக்ஸ் பக்கம் பெரிய ஸ்னோவாம். ரோட்டைப் பூட்டப் போகினமாம்."

அப்போது தொடங்கி எடுக்கிறேன். மணியே அடிக்கவில்லை. பிரெஞ்சில் ஒரு பெண்குரல்தான் திரும்பத் திரும்பப் பேசுகிறது.

வாறன் என்று எதைச் சொன்னார்? வாசலில் சப்பாத்துப் போடும்போதும் நாங்கள் வாறன் என்றுதான் சொல்வோம். போறன் என்ற சொல் வாயில் வரக்கூடாது. அப்படி விடைபெறத்தான் சொன்னாரென்றால், இந்நேரம் அங்கேயே ஒரு விடுதியில் போனை அணைத்துவிட்டுப் படுத்திருப்பார். ஆனால் போனில் அவர் எப்போதும் "வைக்கிறன்" என்பவர்.

மகளிடம் கேட்டுப் பார்த்தேன். இங்கே பிறந்தவள். "வாறன் எண்டா வாறார்தானே, அம்மா" என்றாள்.

அந்த "என்ன"தான் என்னைப் படுக்க விடவில்லை. பனியைப் பார்த்துவிட்டு, இப்பவே லொறியை எடுத்து வெளிக்கிடட்டோ என்றுதான் கேட்டாரோ? கேட்டிருந்தால், பஸ் படியில் நின்றபடி வாங்கோ என்று சொன்னது நான்தான்.