ஒரு மனைக்கு ஒரு வீடு

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் பேச விடவில்லை. நகரசபைக் கூட்டத்தில் பொதுமக்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். என் முறை வருவதற்குள் தெருநாய், குப்பைத்தொட்டி என்று நேரம் முடிந்துவிட்டது. "ஐயா, அடுத்த மாசம் வாங்க" என்றார் கூட்டத்தை நடத்தியவர்.

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க" என்றேன். மணியை அடித்துவிட்டார்.

நான் கேட்பது இவ்வளவுதான். எங்கள் பகுதியில் ஒரு மனையில் ஒரு வீடுதான் இருக்கலாம் என்று விதி. மனை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. அந்த விதியை எடுங்கள். பின்னால் இடம் இருப்பவன் இன்னொரு வீடு கட்டட்டும், மேலே எழுப்ப முடிந்தவன் எழுப்பட்டும். ஊரில் வீடு இல்லை, வீடு இல்லை என்று அழுகிறார்கள். இருக்கிற மண்ணில் கட்டாதே என்றால் வீடு வானத்திலிருந்தா விழும்?

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். முழங்கால் விண்விண் என்கிறது. வீட்டில் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தட்டை வைத்தாள்.

மார்ச் 8, ஞாயிறு

மகள் வீட்டுக்குப் போனோம். இரண்டு பஸ் மாற வேண்டும். வீட்டின் சொந்தக்காரர் அதை விற்கப்போகிறாராம், மே மாதத்துக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். பக்கத்தில் வேறு வீடு இல்லை. இருக்கிற ஒன்றிரண்டுக்குக் கேட்கிற வாடகை மாப்பிள்ளையின் சம்பளத்தை அப்படியே விழுங்கிவிடும். வேறு ஊரில் ஒரு வேலை இருக்கிறது, வீடும் சுலபமாகக் கிடைக்கும் என்கிறார் அவர். மகளுக்குப் போக மனமில்லை.

என் வீட்டில் ஒரே படுக்கையறை. ஆனால் பின்னால் ஒரு முழு வீட்டுக்கான இடம் புல் முளைத்துச் சும்மா கிடக்கிறது. விதி மாறட்டும், கட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பேத்திக்கு நாலு வயது. அந்த வீட்டில் ஒரு சுவிட்சும் எட்டாது. பாத்ரூம் போக ஒவ்வொரு தடவையும் "அம்மா, லைட்டு!" என்று கத்த வேண்டும். "தாத்தா, நீ கட்டற வீட்ல எனக்கு எட்டுற மாதிரி வைப்பியா?" என்றாள். ஆயுசு முழுக்க வயரிங் வேலை பார்த்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

"உன் மூக்குக்கு நேரா வைக்கிறேன்" என்றேன். சுவரோரம் நிற்க வைத்து, கையை நீட்டச் சொல்லி, டேப்பை வைத்து அளந்துகொண்டேன்.

மார்ச் 19, வியாழன்

பக்கத்து வீட்டு டீச்சரம்மா வீடு வீடாகப் போய் விதியை மாற்றக் கூடாது என்று கையெழுத்து வாங்குகிறாள். மதிலருகே பிடித்துக் கேட்டேன்.

"நம்ம தெருவோட அமைதியே போயிடும் அண்ணே. நாளைக்கு யார் யாரோ வந்து குடியிருப்பாங்க."

"யார் யாரோன்னா யாரு? உங்க மகன்கூடத்தான் ஊரெல்லாம் வீடு தேடி அலையறான்."

"அவன் பேச்சு இப்ப எதுக்கு?"

"உங்க பின்னாடியும் இடம் இருக்கே. கட்டிக் கொடுங்களேன்."

"என் மரத்தை வெட்டிட்டா? நல்லாயிருக்கு நியாயம்!"

அவள் படித்து முடித்த பேப்பரை மதில்மேல் வைப்பாள், நான் எடுத்துக்கொள்வேன். பல வருஷப் பழக்கம். இன்று பேப்பர் வரவில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

பேசினேன். விதிப் புத்தகத்தை அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தவன் நான், ஆனால் அங்கே நின்றதும் பாதி மறந்துவிட்டது. சொன்னது இதுதான்: "யார் வருவாங்கன்னு கேக்காதீங்க. நீங்களும் ஒரு நாள் வெளியிலேர்ந்து வந்தவங்கதான். உள்ளே வந்ததும் கதவைச் சாத்திக்காதீங்க."

பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்: "பெருசு, உன் வீட்டுக்காகத்தானே இவ்வளவும்?"

"ஆமா, என் வீட்டுக்கும்தான். உன் வீட்டுக்கும்தான்." சிரித்தார்கள். மணி அடித்தது.

எனக்குப் பிறகு, இதே கோரிக்கையோடு எங்களுடன் வரும் ஒரு நர்ஸ் பேசினாள். வேலை முடிந்து சீருடையோடு வருகிறவள். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் வேலை, இந்த ஊரில் வீடு கிடைக்காது. பேசிவிட்டு நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள்.

வாக்கெடுப்பை ஜூனுக்குத் தள்ளிவிட்டார்கள். ஜூன்! மகள் மே மாதத்தில் காலி பண்ண வேண்டும்.

ஏப்ரல் 10, வெள்ளி

பேப்பர் இல்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 22, புதன்

எங்கள் பகுதி நகரசபை உறுப்பினர் வீட்டுக்கே வந்தார். எங்கள் கோரிக்கை அவருக்கு ஆகாது. ஆனாலும் குரல் தேனாக இருந்தது.

"உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா ஐயா? உங்க மனைக்கு மட்டும் தனி விலக்கு வாங்கித் தர்றேன். அடுத்த மாசமே அஸ்திவாரம் போடலாம். மகள் அதுவரைக்கும் இங்கேயே சமாளிச்சுக்கட்டும். ஜூன் கூட்டத்துக்கு மட்டும் நீங்க வராதீங்க. உங்ககூட வர்ற கூட்டத்தையும் கூட்டிட்டு வராதீங்க."

"அவங்களுக்கு?"

"அவங்களை அப்புறம் பார்ப்போம்."

அந்த 'அப்புறம்' எனக்கு நன்றாகத் தெரியும். "எனக்கு விலக்கு வேண்டாம். விதியை மாத்துங்க" என்றேன். டீயைத் தொடாமல் எழுந்து போனார். இவள் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 25, சனி

மகள் வந்தாள். அம்மா சொல்லியிருக்கிறாள்.

"வேண்டாம்னு சொல்லிட்டீங்களாமே?"

"எல்லாருக்கும் கிடைக்கணும்மா."

"எல்லாருக்குமா நீங்க அப்பா? எனக்குத்தானே அப்பா?"

தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"உங்களுக்கு ஜெயிக்கணும். நான் பக்கத்துல இருக்கணும்னு இல்ல." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அப்படியா? அதுதானா நான்? எத்தனை தடவ யோசிச்சுப் பார்த்தாலும் — அந்த நர்ஸ் பொண்ணு எதிர்ல நின்னு, எனக்கு மட்டும் கிடைச்சிருச்சும்மா, நீ போன்னு சொல்ல முடியுமா என்னால? முடியாது. மக அழுதுட்டுப் போறதப் பார்த்துட்டு உக்கார மட்டும் முடியுதா? அதுவும் முடியல.

மே 2, சனி

இவளிடமிருந்து சாப்பாடு உண்டு. பேச்சு இல்லை.

மே 30, சனி

லாரி ஏறிவிட்டது. மாப்பிள்ளை மரியாதையாகத்தான் விடைபெற்றார். பேத்தி காதோடு கேட்டாள்: "தாத்தா, அங்கேயும் சுவிட்சு மேலதானா?"

"தெரியலடா கண்ணு."

ஜூன் 16, செவ்வாய்

விதி மாறிவிட்டது. ஒரே ஒரு ஓட்டில். எங்கள் உறுப்பினர் எதிர்த்துத்தான் கை தூக்கினார். நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

வீட்டுக்கு வந்து, "மாத்திட்டாங்க" என்றேன்.

"சந்தோஷம்" என்று அடுப்பை அணைத்தாள்.

ஜூலை 5, ஞாயிறு

மகளுக்கு போன் செய்தேன். கட்டப்போகிறேன், வந்துவிடுங்கள் என்றேன்.

"குழந்தையை ஸ்கூல்ல சேர்த்தாச்சுப்பா. அவருக்கும் இங்க வேலை பிடிச்சிருக்கு. இனிமே எங்கப்பா வர்றது?" குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

இருந்தாலும் கட்டுவேன். விதியை மாற்றிவிட்டு இடத்தைப் புல்லுக்கு விட்டால் அதற்கா இவ்வளவு பாடு? வீம்பு என்றால் வீம்புதான்.

நவம்பர் 12, வியாழன்

கூரை முடிந்தது. வயரிங்கை நானே பார்க்கிறேன். ஏணியில் ஏற இவள் விடுவதில்லை.

சுவரில் சுவிட்சுப் பெட்டிக்கு அடையாளம் போட்டேன். மேஸ்திரி பார்த்துவிட்டு, "பெரியவரே, இது என்ன, பூனைக்கா வீடு கட்டறீங்க? மேல வைங்க" என்றார்.

"போட்ட இடத்துல வெட்டுங்க" என்றேன்.

இவள் நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். உள்ளே வந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜனவரி 20, புதன்

டீச்சரம்மா வந்தாள். மதிலருகே அல்ல, வாசல் வழியாக. உட்காரவில்லை.

"பின்வீட்டுக்கு ஆள் பார்த்துட்டீங்களா அண்ணே? என் மகன்... மருமகளுக்கு இது ஆறாம் மாசம். இருக்கிற இடத்தைக் காலி பண்ணச் சொல்றாங்க."

"தெருவோட அமைதி போயிடுமே டீச்சர்."

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "குத்திக் காட்டணும்னா காட்டிக்கோங்க, வாங்கிக்கறேன். அவனுக்கு வீட்டை மட்டும் கொடுங்க."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து இவள் குரல்: "யார் வருவாங்கன்னு கேக்காதீங்கன்னு அங்க போய் முழங்கினது இவர்தானே? வந்து பார்க்கச் சொல்லுங்க டீச்சர்."

வாயை மூடிக்கொண்டேன்.

பிப்ரவரி 7, ஞாயிறு

இன்று குடிவந்துவிட்டார்கள். டீச்சரம்மாவின் மகன் நல்ல உயரம், நிலைப்படியிலேயே தலை தட்டப் பார்த்தது. சாமான்களை இறக்கி முடித்ததும் வந்து தலையைச் சொறிந்தான்.

"அங்கிள், சுவிட்சு எல்லாம் ஏன் இவ்வளவு கீழ இருக்கு? என் செலவுல மாத்திக்கட்டுமா?"

"அது அப்படியே இருக்கட்டும்."

ஏன் என்று கேட்டான். சொல்லவில்லை. அவனும் வற்புறுத்தவில்லை.

மதில்மேல் பேப்பர் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்தேன், இன்னும் பிரிக்கவில்லை. அவளை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இருட்டத் தொடங்கியதும் பின்வாசலில் போய் உட்கார்ந்தேன். பின்வீட்டில் ஒவ்வோர் அறையாக விளக்கு எரிந்தது. ஒவ்வொன்றுக்கும் அவன் குனிந்திருப்பான்.