சத்தமாய் வாசிக்க வேண்டாத விண்ணப்பம்

மஸ்கட்
12.6.2024

கர்த்தருக்குள் பிரியமான மகள் சோனாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் அப்பாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

பதினேழு நாளாக என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். அப்பாவிடம் கேட்டால், "அவளுக்கு வருத்தம் உண்டு, கொஞ்ச நாள் விடு" என்று ரப்பர் வெட்டப் போய்விடுகிறார். அதனால்தான் இங்கிருந்து லீவில் ஊருக்கு வரும் ஜெனில் கையில் இந்தக் கடிதமும் பேரீச்சம்பழமும். கோபம் என்மேல்தானே, பழத்தின் மேல் இல்லையே. தின்னு.

வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போனில் ஜெப விண்ணப்பம் எழுதி அனுப்பியதற்கா இவ்வளவு? யார் வீட்டில் கஷ்டமென்றாலும் சீட்டில் எழுதிக் கொடுப்பது நம் சபை வழக்கம்தானே. நீ ஒரு பையனுடைய பைக்கில் வந்து இறங்கினாய் என்று பெண்கள் சங்கச் செயலாளர் புஷ்பபாய் சொன்னபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செய்தியைத் திறந்தால் பள்ளிக்கூட வாசலில் போதை மாத்திரை என்கிறார்கள். கர்த்தரை நம்பித்தானே உன்னை அங்கே விட்டு வந்தேன்?

ஒரு வரியாவது எழுது.

முத்தங்களுடன்,
அம்மா ஜிஜா


வெள்ளறடை
30.6.2024

அம்மாவுக்கு,

பழம் நன்றாக இருந்தது. அப்பா பாதி தின்றுவிட்டார்.

அன்றைக்குக் கூட்டம் நம் வீட்டில்தான் நடந்தது. நான்தான் பாய் விரித்தேன், நான்தான் கட்டன்சாயா போட்டுக் கொடுத்தேன். புஷ்பபாய் மாமி நீங்கள் அனுப்பியதை எழுதி வைத்திருந்த சீட்டை எடுத்து, "சகோதரி ஜிஜாவின் மகள் சோனா கெட்ட சகவாசத்திலிருந்து விடுதலை பெற" என்று வாசித்தார்கள். தட்டோடு நின்றேன். இருபது பேர் கண்ணை மூடினார்கள். மூடுவதற்கு முன் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். போகும்போது மாமி தலையைத் தடவி, "ஒனக்காக்கும் நாங்க எல்லாரும் ஜெபிக்கோம் மக்கா, இனியாவது நல்ல பிள்ளையா இரி" என்றார்கள்.

பைக் ஓட்டியது என் கூடப் படிக்கும் அபினாவின் அண்ணன் நிஜின். டியூஷனில் யாரோ கொடுத்த மாத்திரையைத் தின்று அபினா பஸ் ஸ்டாப்பில் விழுந்துவிட்டாள். அவளை நடுவில் வைத்து, விழாமல் பிடித்துக்கொண்டு நான் பின்னால் இருந்தேன். காரக்கோணம் ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு நிஜின் அண்ணன் என்னை ஜங்ஷனில் கொண்டு விட்டார். மாமி பார்த்தது அதை மட்டும்.

யாரிடமும் சொல்லாதே என்று அபினா அழுதாள். அப்பாவிடம் மட்டும் சொன்னேன். "அது ஒனக்க கூட்டுகாரிக்க காரியம். அம்மைட்ட நீயே சொல்லு" என்றார். சொல்ல இருந்தேன். அதற்குள் நீங்கள் ஊருக்கே சொல்லிவிட்டீர்கள்.

பயமாக இருந்தால் 'இயேசுவே கூட இரும்' என்று சொல்லு என்று சின்ன வயதில் சொல்லித் தந்தீர்களே, காரக்கோணம் வரைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டு போனேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அம்மா.

சோனா


மஸ்கட்
9.7.2024

என் தங்க மகளுக்கு,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி டூட்டி ரூமில் நின்றபடியே வாசித்தேன். கூட வேலை செய்யும் ரெஜிஷா என்ன ஆயிற்று என்று கேட்டாள். கடிதத்தை மடித்துக்கொண்டு அழுதேன்.

என்னை மன்னித்துவிடு மக்கா. நீ பைக்கில் கூப்பிட்டுக்கொண்டு போன இயேசுவை நான் நம்பவில்லை. நம்பியிருந்தால் முழங்காலில் நின்று அவரிடம் சொல்லியிருப்பேன், போனை எடுத்து உன்னிடம் கேட்டிருப்பேன். பயந்துபோய் விண்ணப்பம் எழுதிவிட்டு அதை விசுவாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

புஷ்பபாயைக் கூப்பிட்டு, என் மகள்மேல் குற்றமில்லை, நான் எழுதியது தப்பு, அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் இதைச் சொல்லுங்கள் என்றேன். "அப்போ அந்தப் பையன் யாரு?" என்று கேட்டாள். "அது எனக்கும் எனக்க மகளுக்கும் உள்ளதாக்கும்" என்று போனை வைத்துவிட்டேன். அபினாவின் பேர் என் வாயில் வராது.

பிளாக்கை எடு என்று சொல்லமாட்டேன். உனக்குத் தோன்றும்போது போதும். லீவில் வரும் ரெஜிஷாவிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

அம்மா


வெள்ளறடை
4.8.2024

அன்புள்ள அம்மா,

மாமி கூட்டத்தில் சொன்னார்கள். பிறகு நம் வீட்டுக்கு மரச்சீனிக் கிழங்கு கொண்டுவந்து, திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்கள். அபினா பள்ளிக்கு வருகிறாள். என் பக்கத்தில்தான் இருக்கிறாள்.

போன ஞாயிறு சபைக் கோவிலில் நானும் உங்களுக்காக ஒரு விண்ணப்பச் சீட்டு எழுதினேன். அதைப் போடும் பெட்டிக்குப் பக்கத்தில் போய்விட்டுத் திரும்பி வந்தேன். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நானே ஜெபித்தேன். சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் மட்டும் வாசியுங்கள்:

"தூரத்தில் தனியாக இருக்கும் என் அம்மா, என்னை நினைத்துப் பயப்படாமல் தூங்க."

பிளாக்கை எடுத்துவிட்டேன். டூட்டி முடிந்ததும் கூப்பிடுங்கள்.

உங்கள்
சோனா