துளசி அடியில் முளைத்தது

இன்று ரேஷன் கடையில் பைக்குள்ளிருந்து உப்புப் பாக்கெட்டை எடுத்துத் தராசின் மேல் வைத்தபோது உன் நினைவு வந்துவிட்டது. கடைக்காரர் வழக்கம்போல, "இன்னாக்கா, இன்னிக்கும் சாட்சியைக் கூட்டினு வந்துட்டியா?" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு கிலோ உப்பை அந்தத் தராசு ஒரு கிலோ என்று காட்டினால்தான் நான் அரிசிக்குப் பை பிடிப்பேன். இதற்கு வெட்கப்பட்டே உன் அண்ணன் என்னோடு கடைக்கு வரமாட்டார். லீவில் பெங்களூரிலிருந்து வந்தால் நீ மட்டும்தான் வருவாய், வேடிக்கை பார்க்க.

"உப்பு பாக்கெட்டு ஒரு கிலோன்னு யாரு சொன்னது அண்ணி?" என்று ஒரு தடவை கேட்டாய்.

"அதான் அச்சடிச்சிருக்குதே."

"அச்சடிச்சா நம்பிடுவீங்களா? உங்களுக்கு வயசாயிடுச்சி அண்ணி."

அன்று வீடு திரும்பும் வழியில்தான் ஆராய்ச்சிக்கூடத்தில் நீ செய்யும் வேலையை எனக்குச் சொன்னாய். அதற்குமுன் கேட்டபோதெல்லாம் 'செடி வேலை' என்று முடித்துவிடுவாய். எட்டாவதோடு நின்றவளுக்கு இது போதும் என்று நினைத்தாயோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அன்று அதைத் தீர்த்துவைத்தாய்.

செடிக்குள் ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது, எப்போது கூடுகிறது, எப்போது கரைகிறது என்று அளப்பது உன் வேலை. முன்பெல்லாம் இலையைக் கிள்ளி அரைத்துத்தான் அளப்பார்களாம். அரைத்த இலை மறுநாள் என்ன செய்திருக்கும் என்று யாரைக் கேட்பது? அதனால் செடி உயிரோடு இருக்கும்போதே அளக்க ஒரு வழி. அந்தப் புரதத்தோடு பச்சை வெளிச்சம் ஒன்றைக் கட்டிவிடுகிறீர்கள். மரபணுவிலேயே எழுதிவிடுவதால் புரதம் உண்டாகும்போது வெளிச்சமும் சேர்ந்தே உண்டாகும், அது அழியும்போது சேர்ந்தே அழியும்.

"வெளிச்சம் மங்குனா புரதம் கொறைஞ்சுதுன்னு எப்படி நம்பறது? இலையே வாடியிருந்தா?"

"அதுக்குத்தான் உப்பு பாக்கெட்டு" என்றாய். பச்சையோடு கூடவே பிறக்கிற சிவப்பு ஒன்று உண்டாம். அது அவ்வளவு சீக்கிரம் அழியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பீர்கள். சேர்ந்து மங்கினால் குறை இலையில். பச்சை மட்டும் மங்கினால் புரதம் கரைகிறது.

"ரெண்டும் கூட்டு சேந்து பொய் சொன்னா?"

"வெளிச்சமே கட்டாத செடி ஒண்ணும் பக்கத்துலயே இருக்கும். ஐயோ அண்ணி, உங்களைக் கட்டிக்கினு எங்கண்ணன் எப்படித்தான் குடும்பம் நடத்துதோ!"

அந்தப் பச்சை முதலில் ஜெல்லி மீனிடமிருந்து வந்தது என்று நீ சொன்னதும் நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். அன்று வெள்ளிக்கிழமை. "பேருதான் மீனு, அது மீனே இல்ல" என்று சத்தியம் செய்தாய். அந்தச் செடி என்ன செடி என்று கேட்டால், ஏதோ குள்ளப் புகையிலையாம். மீனும் புகையிலையும்! அமாவாசை தவறாமல் மலையனூர் அம்மாவுக்கு விளக்கேற்றுகிற வீட்டுப் பெண்ணுக்கு வேறு தொழில் கிடைக்கவில்லையா என்று நினைத்தேன். ஆனாலும் பார்க்க ஆசைதான்.

"ஒண்ணு எடுத்துனு வந்து காட்டேன்."

உன் முகம் மாறிவிட்டது. "அதெல்லாம் வெளிய வரவே கூடாது. வெதை மூக்குப்பொடி மாதிரி இருக்கும், துணியில ஒட்டும். தெனம் உதறிட்டு, காலைத் தொடச்சிட்டுத்தான் வெளிய வர்றோம். என் கையால ஒரு வெதை வெளிய வந்துதுன்னு யாரும் சொல்ல முடியாது அண்ணி."

நீ அவ்வளவு கர்வமாகப் பேசி நான் கேட்டதில்லை. நம்பினேனா? பாதி.

போன ஆடியில் காய்ச்சல் என்று படுத்தாய். ஒரு வாரம்கூட நீ இருக்கவில்லை. அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் எதையோ தொட்டுத்தான் வந்ததா என்று நான் டாக்டரிடமே கேட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். தலையாட்டினேன், அவ்வளவுதான். இன்றைக்கும் என் மனசு முழுசாக ஒப்பவில்லை. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

பெங்களூரிலிருந்து உன் பெட்டி வந்தது. உன் ஸ்வெட்டரை மொட்டை மாடியில்தான் உதறிக் காயப்போட்டேன். ஐப்பசி மழை பெய்தது. கார்த்திகையில் ஒருநாள் காலை மாடித் துளசிக்குத் தண்ணீர் ஊற்றும்போது அதன் அடியில் புதிதாக ஒரு செடி. மெத்தென்ற இலை, தொட்டால் லேசாகப் பிசுபிசுத்தது. இரண்டு வாரத்தில் நீளக் குழலாக ஒரு வெள்ளைப் பூ வந்தது. நீ போனில் காட்டிய படத்தில் இருந்த பூ.

உன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். மறுநாளிலிருந்து என்னை முந்திக்கொண்டு மாடிக்குப் போய் அவரே தண்ணீர் ஊற்றினார். அதோடு பேசுவதும் காதில் விழுந்தது. நான் கோட்டை அகழி ஓரமாகப் போய்த் தேடினேன். அங்கே காட்டுப் புகையிலை முளைக்கும். ஒன்றைப் பிடுங்கி வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். பச்சை வெளிச்சம் இருக்கிறதா என்று பார்க்க அதற்கென்று விளக்கும் கண்ணாடியும் வேண்டும். வெறும் கண்ணுக்கு எல்லாம் இலைதான்.

"அவகூட வேல செஞ்ச சிநேகிதிக்குப் போன் போடறேன். அவங்களே வந்து எடுத்துனு போவட்டும். அங்க ஏசி ரூம்ல நல்லா இருக்கும்" என்றார் உன் அண்ணன்.

"வேணாங்க. அவங்களுதுதான்னு தெரிஞ்சா, அவ கையால வெளிய வந்துதுன்னு எழுதி வெச்சுடுவாங்க. அவ பேரு இன்னா ஆவும்?"

"செத்துப்போனவளுக்கு இன்னாடி பேரு? இது உயிரோட இருக்குது பாரு."

பார்த்தேன். பூவுக்கு அடியில் காய் திரண்டுகொண்டிருந்தது. அது வெடித்தால் மூக்குப்பொடி காற்றில் போய்விடும், அப்புறம் யார் உதறியும் பயனில்லை. உங்கள் ஆராய்ச்சிக்கூடத்துச் சட்டத்தை நீ சொல்லிச் சிரித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "சந்தேகம் வந்தாலே போதும், நிரூபிக்க வேணாம் அண்ணி. செடி, மண்ணு எல்லாத்தையும் பெரிய குக்கர்ல போட்டு அவிச்சிடுவோம். உங்களுக்குன்னே போட்ட சட்டம்."

மண்ணும் என்றால் துளசியும். வேர்கள் பின்னிக் கிடந்தன. இந்த வீட்டுக்கு வாழ வந்த அன்று நான் நட்ட துளசி அது. வீட்டுத் துளசியைப் பிடுங்கினால் குடும்பத்துக்கு ஆகாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். வெள்ளி, அமாவாசை, ஏகாதசி எல்லாம் போகட்டும் என்று காத்திருந்து, ஒரு புதன்கிழமை அதைச் சுற்றி வந்து கற்பூரம் காட்டினேன். "தாயே, அந்தப் பொண்ணு வாக்கைக் காப்பாத்தத்தான் செய்றேன், என் மேல பழி வெக்காதே" என்று வேண்டிக்கொண்டு இரண்டையும் சேர்த்துப் பெயர்த்தேன். சமையலுக்கு ஒதுக்கிவிட்ட பழைய குக்கரைப் பரணிலிருந்து இறக்கினேன்.

உன் அண்ணன் படியில் நின்று பார்த்தார். "தொளசியுமா?"

"வேரு பின்னிக்கிச்சிங்க."

பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து மண்கட்டிகளைக் கையால் உடைத்து உடைத்துப் போட்டார். செடியைப் போடும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதல் விசில் வந்ததும் எழுந்து தெருவுக்குப் போய்விட்டார்.

அது எது என்று எனக்குத் தெரியாது. அகழிச் செடி என்றால், ஒரு களைக்காக என் துளசியை அவித்திருக்கிறேன். உன் செடி என்றால், உனக்கே தெரியாமல் உன் வாக்கு ஒருமுறை தவறியிருக்கிறது. இரண்டில் எதையும் ஏற்க மனசில்லாமல் அப்படியே சுமந்துகொண்டிருக்கிறேன்.

பெருமாள் கோயில் பட்டர் வீட்டிலிருந்து கன்று வாங்கி, புதுத் தொட்டியில், புது மண்ணில் வைத்திருக்கிறேன். தினமும் தண்ணீர் ஊற்றும்முன் குனிந்து அடியில் பார்க்கிறேன். உன் அண்ணன் மாடிப்படியிலிருந்தே கேட்பார்.

"வந்துட்டாளா?"

"இல்லைங்க. தொளசி மட்டுந்தான்."

நான் சொல்வதை அவர் நம்புவதில்லை. மேலே ஏறி வந்து, தானும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார்.